செம்மண் நீரும் தெளிநீரும்
(கலவை வகைகள் பற்றிய ஒரு பாடம்)

தமிழாசிரியன் ஒருவன் இரசாயனத்தைப் பற்றி எழுதப் புகுதல் அயலவன் காணியிற் பயிர் வைப்பது போன்றதென்று சிலர் நகைத்தல் கூடும். ஆயினும், இந்நாட்டிலே தமிழும் இரசாயனமும் ஒன்றையொன்று அறியாதன அல்ல. மானிப்பாயிலே தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) அவர்களின் முயற்சியால், 'கெமிஸ்தம்' என்னும் தமிழ் நூல் 1875 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அன்றியும், இக்கட்டுரையின் வித்து எமது கல்லூரியின் ஆய்வுகூடத்தில் விழுந்ததன்று. தமிழ் வகுப்பறையிலேயே விழுந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாரிகாலத்தில், பத்தாம் வகுப்பு மாணாக்கருக்குக் குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். முன்பின் அறியாத இருவருடைய நெஞ்சங்கள் அன்பினால் ஒன்றுபட்டமைக்குச் செம்மண் நிலத்தில் வீழ்ந்த மழைநீரை உவமையாக்கிய பாட்டு அது. பாடியவரின் இயற்பெயர் மறைந்துபோக, அவ்வுவமையே 'செம்புலப் பெயனீரார்' என அவருக்குப் பெயராயிற்று. "நீரிலிருந்து மண்ணின் செம்மையைப் பிரிக்க இயலாதவாறு போல" என்று யான் விளக்கிக்கொண்டிருக்கையில், பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்.

"சேர், மண்ணும் தண்ணீரும் கலந்தால் அது தொங்கல். ஓர் இரவு அசையாமல் வைத்தால் மண் அடியிலே படிந்துவிடும். பிரிக்க முடியாதென்று எப்படிச் சொல்லலாம்?" என்றான்.

வகுப்புச் சிரித்தது, யானும் சிரித்தேன். ஆனால், விடை கூற அறிந்திலேன். "நீயே செய்து பார்த்துச் சொல்" என்றேன். அவன் அன்றே ஒரு கண்ணாடிப் போத்தலில் ஒரு பிடி செம்மண்ணைப் போட்டுக் கிணற்றுநீர் வார்த்துக் குலுக்கி யன்னலோரத்தில் வைத்தான். மறுநாட் காலை, மண் முழுவதும் அடியிற் படிந்திருந்தது. மேல்நீர் பெரும்பாலும் தெளிந்திருந்தது. புலவர் தோற்றார் என்றே வகுப்புத் தீர்ப்பளித்தது.

எனினும், எனக்கோர் ஐயம் எழுந்தது. புலவர் கூறியது பெயல்நீர், அஃதாவது மழைநீர். நாம் வார்த்ததோ கிணற்றுநீர். அன்று பிற்பகல் மழை பெய்தது. வெளியிலே வாளியை வைத்து நீர் ஏந்தி, அதே மண்ணை அதே அளவு போட்டு, இரண்டாவது போத்தலையும் முதலாவதன் அருகில் வைத்தோம். மணலும் பருமண்ணும் விரைவிற் படிந்தன. ஆனால், நீரின் செம்மை நீங்கவில்லை. மூன்று நாட் கழிந்தும் அது கலங்கிச் சிவந்தே நின்றது. ஒரே மண், ஒரே அறை. நீர் மட்டும் வேறு. கிணற்றுநீர் தெளிந்ததும் மழைநீர் தெளியாததும் ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடுமிடத்துக் கலவைகளின் வகை முழுவதையும் அறிந்துகொள்ளலாம்.

கலவையும் சேர்வையும்

முதற்கண் கலவை என்பது யாதெனக் காண்போம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பொருள்கள், தத்தம் இயல்பு திரியாமல் ஒருங்கே நிற்பது கலவை. அவை புதுப்பொருளாய் மாறி நிற்பது சேர்வை. இரும்பரத்தூளையும் கந்தகத்தூளையும் ஒன்றாய்ப் பிசைந்தால் கிடைப்பது கலவை. காந்தத்தைக் காட்டின் இரும்பு தனியே வந்து ஒட்டும். எந்த அளவிற் சேர்த்தாலும் அது கலவையே. அதனைச் சூடாக்கினால் இரும்புச் சல்பைட்டு என்னும் சேர்வை உண்டாகும். அதிலிருந்து காந்தத்தால் இரும்பைப் பிரித்தெடுத்தல் ஆகாது. அதில் இரும்பும் கந்தகமும் நிறையால் ஏறத்தாழ 7:4 என்னும் விகிதத்திலேயே நிற்கும்; எம் விருப்பப்படி அவ்விகிதத்தை மாற்றுதல் இயலாது.

இலக்கணம் கற்கும் மாணாக்கர் இதனைப் புணர்ச்சியொடு ஒப்பிட்டு நினைவிற் கொள்ளலாம். பொன்னும் மலையும் புணர்ந்து பொன்மலை ஆகுமிடத்து ஈரெழுத்தும் இயல்பாக நின்றன, கலவை அத்தகையது. பொன்னும் குடமும் புணர்ந்து பொற்குடம் ஆகுமிடத்து னகரம் றகரமாய்த் திரிந்தது. சேர்வையிலும் ஒரு திரிபு உண்டு. உவமை இவ்வளவிற்கே பொருந்தும். இதற்கு மேல் இழுத்தல் வேண்டா.

கலவையை இருவகைப்படுத்துவர். எப்பகுதியை எடுத்து நோக்கினும் ஒரே தன்மையாய் இருப்பது ஏகவினக் கலவை. பகுதிக்குப் பகுதி வேறுபடுவது பல்லினக் கலவை. உப்புநீர் ஏகவினம்; மண்ணீர் பல்லினம். ஏகவினக் கலவை நீர்மமாகத்தான் இருத்தல் வேண்டும் என்பதில்லை. தூசு நீங்கிய காற்று ஏகவினக் கலவையே. 22 கரட் பொன்னணியில் நூற்றுக்கு ஏறத்தாழ 91.6 பங்கு பொன்னும் எஞ்சியது செம்பு, வெள்ளி போன்ற பிற உலோகங்களும் ஆகும். அது திண்மக் கரைசல். கல்லூரி மண்டபத்திற் சுடர்விடும் குத்துவிளக்கின் பித்தளையும், செம்பும் நாகமும் கலந்த கலவையே.

துணிக்கையின் பருமன்

இனி, நீருடன் கலந்த பொருளின் துணிக்கை எத்துணைப் பெரியது என்பதைக் கொண்டு மூவகை கூறுவர். அளவு தெரிதற்கு ஒரு கோல் வேண்டும். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கின் அவற்றுள் ஒன்று ஒரு நனோமீற்றர். மனிதரின் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர்.

துணிக்கை 1,000 நனோமீற்றருக்கு மேற்படின் அக்கலவை தொங்கல். 1 தொடக்கம் 1,000 நனோமீற்றர் வரையாயின் கூழ். ஒரு நனோமீற்றருக்கும் குறைந்து, தனி மூலக்கூறுகளாகவோ அயன்களாகவோ கலந்து நிற்பின் அது கரைசல். இயற்கை இவ்வெல்லைகளில் வேலி அடைத்து வைக்கவில்லை. ஒன்று மற்றொன்றினுட் சிறிது சிறிதாகச் செல்லும். எனினும் கற்பதற்கு இவ்வெல்லைகள் உதவுவன.

தொங்கல்

தொங்கலிலுள்ள துணிக்கைகள் பாரமுடையன. நீரை அசையாது வைப்பின் படியும். வடிதாளிலோ மடித்த துணியிலோ பெரும்பாலும் தங்கிவிடும். அரிசி கழுவிய நீரின் அடியில் மாப் படிவதும், சில மருந்துப் போத்தல்களின் மேல் 'குலுக்கிய பின் அருந்துக' என எழுதியிருப்பதும் இதனாலேயே. குலுக்காமல் அருந்துபவன் முதல்நாள் மருந்து குறைந்த நீரையும், கடைசி நாளில் மருந்து மிகுந்த வண்டலையும் அருந்துவான். கலவையின் வகையறியாமை அங்கே நோயாளிக்குக் கேடாய் முடியும். எங்கள் இரு போத்தல்களிலும் முதலிற் படிந்த மணலும் பருமண்ணும் தொங்கலைச் சேர்ந்தன. அவ்வளவிற்கு அம்மாணவன் கூறியது சரியே.

கூழ்

கூழ் என்றவுடன் ஒடியற் கூழை நினைந்து மாணாக்கர் நகைப்பர். நகைப்பதிற் பிழையில்லை, பெயர் பொருத்தமானதே. 1861 ஆம் ஆண்டிற் பிரித்தானிய இரசாயனவியலாளர் தோமசு கிரகாம், பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே இவ்வகைக்கு ஆங்கிலப் பெயரை ஆக்கினார். எமது அடுப்பிற் கொதிக்கும் மாக்கரைசலும் அத்தன்மையதே. ஆனால் அதனுட் கிடக்கும் பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் நண்டும் கூழ்த்துணிக்கைகள் அல்ல என்பதை நினைவிற் கொள்க.

கூழின் துணிக்கைகள் கண்ணுக்குத் தனித்தனி தோன்றா. சாதாரண வடிதாளினூடாகவும் புகுந்து செல்லும். எளிதிற் படியா. இலண்டன் அரச நிறுவனத்தில் மைக்கேல் பரடே 1857 ஆம் ஆண்டளவில் ஆக்கிய, மாணிக்கச் செந்நிறமுடைய பொற்கூழ், நூற்றாண்டு ஒன்றரைக்கு மேலாகியும் முற்றாகப் படியாது இன்றும் அங்கே பேணப்படுகின்றது.

கூழை அறிதற்கு எளிய வழி ஒளியே. ஓலைக் கூரையின் துளையால் வீட்டினுட் புகும் வெயில், அடுப்புப் புகையினூடே ஒரு கோல் போல் நிற்பதை முதியோர் கண்டிருப்பர். புகையிலுள்ள நுண்துணிக்கைகள் ஒளியைச் சிதறச் செய்வதால் அப்பாதை புலப்படுகின்றது. இதனைத் தின்டால் விளைவு என்பர். இருட்டறையில் ஒரு கண்ணாடிக் குவளையில் உப்புநீரையும், மற்றொன்றில் இரண்டு துளி பால் கலந்த நீரையும் வைத்து மின்சூள் விளக்கின் ஒடுங்கிய ஒளியைச் செலுத்துக. உப்புநீரில் ஒளியின் பாதை தோன்றாது, பால்நீரிலே தோன்றும்.

பால் நல்ல உதாரணம். அதில் வெண்ணெய்க் கொழுப்பு நுண்துளிகளாய்ப் பரந்து நிற்கின்றது; கேசீன் என்னும் புரதம் கூழாய் நிற்கின்றது; பாற்சர்க்கரையோ கரைசலாய் நிற்கின்றது. எனவே, ஒரே குவளைக்குள் பலவகைக் கலவைகள் ஒருங்கே இருத்தல் கூடும். 'பால் ஏகவினமா, பல்லினமா?' என்று வினவப்படின், கண்ணுக்கு ஒருதன்மையாய்த் தோன்றினும் நுணுக்குக்காட்டியிற் கொழுப்புத் துளிகள் காணப்படுதலின் பல்லினமே என விடையளிக்க.

இரு போத்தல்களின் விடை

இப்பொழுது எமது யன்னலோரத்திற்கு மீள்வோம். செம்மண்ணின் மிக நுண்ணிய களித்துணிக்கைகள் கூழின் பருமனுடையன. இரும்பு ஒட்சைட்டு அவற்றுக்குச் செந்நிறம் தருகின்றது. அத்துணிக்கைகள் நீரில் எதிர்மின்னேற்றம் தாங்கியிருத்தலின் ஒன்றையொன்று தள்ளும். ஆகவே ஒன்றுகூடிப் பாரமாகிப் படிவதில்லை. மழைநீரில் உப்புகள் மிக அருகியே உள்ளன. அத்தள்ளுகையைத் தடுக்க அங்கே ஏதும் இல்லை. எனவே செம்மை நிலைத்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுநீரோ சுண்ணாம்புக் கல்லினூடாக ஊறி வருவது, கல்சியம் கரைந்திருப்பது. நேர்மின்னேற்றமுடைய கல்சியம் அயன்கள் களித்துணிக்கைகளின் தள்ளுகையைத் தணிக்கின்றன. துணிக்கைகள் ஒன்றோடொன்று கூடித் திரண்டு பாரமாகிப் படிகின்றன. ஆறுகள் கொணரும் வண்டல், உப்பு மிகுந்த கடல்நீரைச் சந்திக்கும் கழிமுகத்திற் படிவதற்கும் இஃதொரு காரணம்.

எம் முன்னோர் இக்காரணத்தை அறியாராயினும் இக்காரியத்தை அறிந்திருந்தனர். கலங்கிய நீர்க்குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து நீரைத் தெளிவித்தனர். அச்செயலைக் கலித்தொகைப் புலவர் ஒருவர், கலங்கிய நெஞ்சம் தெளிந்தமைக்கு உவமையாக்கியுள்ளார். படிகாரமும் இதனையே செய்கின்றது. அதிலுள்ள அலுமினியம் அயன் மும்மடங்கு நேர்மின்னேற்றமுடையதாதலின் சிறிதளவே போதும்.

இவ்விளக்கத்தை விஞ்ஞான ஆசிரியர் கூறக் கேட்ட அம்மாணவன், அதனையும் சோதித்தே ஏற்றான். ஆய்வுகூடத்தில் இரண்டு ஆவியாக்கற் கிண்ணங்களை எடுத்து, மண் கலவாத கிணற்றுநீரை ஒன்றிலும் மழைநீரை மற்றொன்றிலும் வற்றக் காய்ச்சினான். மழைநீர்க் கிண்ணத்தில் எஞ்சியது மிகச் சொற்பம். கிணற்றுநீர்க் கிண்ணத்திலோ வெண்ணிறப் படிவு தெளிவாய்த் தோன்றிற்று. யான் அதனை நெடுநேரம் நோக்கி நின்றேன். இரண்டு போத்தல்களுள் எது தெளிவாய்த் தோன்றியதோ, அதன் நீரிலேதான் பிறபொருள் மிகுதியாய்க் கரைந்திருந்தது.

கரைசல்

கரைசலில் கரையம் தனி அயன்களாகவோ மூலக்கூறுகளாகவோ நீரிற் பரந்து நிற்கின்றது. அது படியாது; வடிதாளிலே தங்காது; ஒளியின் பாதையைக் காட்டாது. நிறமின்மை வேறு, தெளிவு வேறு என்பதை மாணாக்கர் மறத்தலாகாது. செப்புச் சல்பேற்றுக் கரைசல் நீலநிறமுடையதாயினும் தெளிவானது.

கரைதலுக்கும் ஓர் எல்லை உண்டு. அறை வெப்பநிலையில் 100 கிராம் நீர் ஏறத்தாழ 36 கிராம் கறியுப்பையே ஏற்கும். அதுவே நிரம்பிய கரைசல். ஒரு கிலோகிராம் கடல்நீரிலோ ஏறத்தாழ 35 கிராம் உப்புகளே உள. ஆகவே, உப்பளத்தில் கடல்நீரைப் பாத்திகளிற் பாய்ச்சி வெயிலால் வற்றச் செய்கின்றனர். நீர் குறையக் குறைய முதலிற் சுண்ணாம்பும், பின்னர் உறைகளிக்கல்லும், அதன் பின்னரே கறியுப்பும் படியும். கசப்புடைய மகனீசிய உப்புகள் இறுதிவரை நீரில் நிற்றலின், அவை படியுமுன் அந்நீரை அகற்றிவிடுவர். ஒவ்வொரு பொருளுக்கும் கரைதிறன் வேறாதலால், கரைசலிலிருந்தும் ஒழுங்கு முறையாகப் பிரித்தல் இயலும். ஆயினும் அதற்கு வெயிலோ நெருப்போ மின்சாரமோ செலவிடல் வேண்டும். தொங்கலைப் போல அது தானாகப் பிரிந்து தாராது.

எமது கிணறு

இதுகாறும் கூறியது பாடம். இனிக் கூறுவது அப்பாடத்தால் யான் பெற்ற பயன்.

எமது வீட்டுக் கிணற்றின் நீர் பளிங்கு போன்றது. அயலவர் அதனைப் புகழ்வர். யானும் அதனைப் பெருமையாகவே கொண்டிருந்தேன். என் தங்கை மகப்பேற்றுக்குப் பின் எம் வீட்டில் தங்கியிருந்த காலத்தில், அந்நீரை நாலாக மடித்த வெள்ளைத் துணியில் வடித்து, நன்றாகக் கொதிக்க வைத்து, அதிலேயே குழந்தைக்குப் பால்மாக் கரைத்தோம். அதனினும் தூய்மை வேறில்லை என எண்ணினோம்.

அப்பழைய மாணவன் இப்போது இரசாயனம் கற்றுத் தொழில்புரிபவன். ஒருநாள் வீட்டுக்கு வந்தவன், நீரைப் பார்த்து, "சேர், இந்தத் தண்ணீரைச் சோதித்ததுண்டா?" என்றான். "பார்த்தாலே தெரியவில்லையா?" என்றேன். அவன் ஒன்றும் பேசாது சிரித்தான். அந்தச் சிரிப்பிலே இரண்டு போத்தல்களையும் யான் கண்டேன். அவன் கொண்டுசென்ற நீரில் நைத்திரேற்றின் அளவு வரம்பைத் தாண்டியிருந்தது.

உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதந்துரைக்கும் நைத்திரேற்று வரம்பு இலீற்றருக்கு 50 மில்லிக்கிராம். இடப்படும் பசளையும் மலக்குழிகளின் கசிவும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடாகக் கீழிறங்குதலின், குடாநாட்டின் பல கிணறுகளில் இவ்வரம்பு மீறப்பட்டமை ஆய்வுகளிற் புலப்பட்டுள்ளது. ஆறு மாதத்திற்கு உட்பட்ட, போத்தற் பால் அருந்தும் குழந்தைகளுக்கே இது பெருங்கேடு. அவர்களின் குருதி ஒட்சிசனைக் காவும் வலுவை இழந்து, உடல் நீலம் பாரிக்கும். எங்கள் குழந்தை நலமே வளர்ந்தது. அது எம் அறிவாலன்று, நல்லூழால்.

எமது பிழை யாது? நைத்திரேற்று நீரிற் கரைசலாய் நிற்பது. துணியால் வடித்தல் தொங்கலுக்கே உரிய முறை. படிகாரமும் தேற்றாங்கொட்டையும் கூழுக்கு உரியன. கொதிக்க வைத்தல் கிருமிகளைக் கொல்லும், அதனைக் கைவிடலாகாது. ஆனால், கொதிக்குந்தோறும் நீர் ஆவியாகி, நைத்திரேற்று எஞ்சிய நீரிற் செறியும். எனவே, யாம் செய்த ஒரு செயல் பயனற்றது. மற்றொன்று நைத்திரேற்றைச் சிறிது கூட்டியது. கரைந்த பொருளை நீக்குதற்குக் காய்ச்சி வடித்தல், அயன் மாற்றீடு, உயர்ந்த அமுக்கத்தில் மென்சவ்வினூடாக நீரை மட்டும் புகவிடும் எதிர்ப் பிரசாரணம் முதலிய வழிகளே உண்டு. 2024 ஆம் ஆண்டிற் திறக்கப்பட்ட தாழையடி நிலையம் கடல்நீரைக் குடிநீராக்குவதும் இவ்வெதிர்ப் பிரசாரணத்தினாலேயே.

கிருமிகளிலும் இவ்வளவு வேற்றுமை உண்டு. பற்றீரியாக்களிற் பல 1,000 நனோமீற்றர் அளவின. வைரசுகளோ பெரும்பாலும் கூழ்த்துணிக்கையின் பருமனுடையன. மடித்த துணி இரண்டையும் தடுக்காது. தெளிந்த நீர் கிருமியற்ற நீர் எனக் கொள்ளுதல் தவறு.

முடிவுரை

ஆகவே, பரீட்சைக்குப் படிக்கும் மாணாக்கர் கலவை வகைகளைப் பெயர்ப்பட்டியலாக மனனஞ் செய்தல் போதாது. ஒரு கலவையைக் கண்டால் மூன்று வினாக்களை எழுப்புக. அசையாது வைத்தாற் படியுமா? படியாவிடின் ஒளியின் பாதையைக் காட்டுமா? பாதையும் தோன்றாவிடின், வற்றக் காய்ச்சினால் ஏதேனும் எஞ்சுமா? முதலாவதற்கு 'ஆம்' எனின் தொங்கல். இரண்டாவதற்கு 'ஆம்' எனின் கூழ். மூன்றாவதற்கு 'ஆம்' எனின் கரைசல். எந்த முறையாற் பிரிக்கலாம் என்பது அவ்விடையிலேயே அடங்கும். ஆவியாகும் பொருள்கள் காய்ச்சும்போது நீருடன் நீங்கிவிடுமாதலின், நீர் குடித்தற்கு உரியதா என்பதை மட்டும் ஆய்வுகூடச் சோதனையாலேயே தெளிதல் வேண்டும். பழைய மாணவர்களுக்கு யான் கூறுவதும் இதுவே: உங்கள் கிணறு எவ்வளவு தெளிவாய்த் தோன்றினும், குழந்தை உள்ள வீடாயின் ஒருமுறை சோதிப்பியுங்கள்.

செம்புலப் பெயனீரார் தோற்றாரல்லர். மழைநீரும் செம்மண்ணும் கலந்த கலவை எளிதிற் பிரியாதென்பதை அவர் கண்ணாரக் கண்டே பாடியிருத்தல் வேண்டும். வினவிய மாணவனும் தோற்றானல்லன். அவன் வினவியிராவிடின் யான் என் கிணற்றை இன்றும் புகழ்ந்துகொண்டேயிருப்பேன். ஆசிரியரை எழுந்து வினவும் மாணாக்கரையும், அவ்வினாவுக்குச் செவிசாய்க்கும் ஆசிரியரையும் எம் கல்லூரி அன்னை என்றும் பெற்றுப் பொலிவாளாக.